அப்பா வாசித்த விடுமுறை வாரம்

அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் கச்சேரிக்குப் போக வேண்டும் என்பது எட்டு வயதில் எனக்குச் சாதாரண விஷயமாகத்தான் பட்டது. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். என் அப்பா மேடையில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சோபாவில் இருக்கும் அப்பாவுக்கு யாரும் கைதட்டுவதில்லை.

அந்த வருடம் ஜூன் மாதம் நானும் அம்மாவும் பூன் லே வீட்டிலிருந்து செங்காங்கில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்குப் பொங்கோலில் ஒரு பாலர் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, பூன் லேயிலிருந்து போய்வரத் தூரம் என்றார்கள். நான் நம்பினேன். இந்தச் சின்னத் தீவு நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக ஒரு சினிமா பார்க்கும் நேரம்கூட ஆகாது என்பது அந்த வயதில் தோன்றவில்லை. அப்பாவுக்கு ஜூரோங்கில் தொழிற்சாலை வேலை. அதனால் அவர் அங்கே, நாங்கள் இங்கே. எனக்குக் கணக்குச் சரியாகத்தான் வந்தது.

தொழிற்சாலை வேலை பகலில். சாயங்காலங்களிலும் சனி ஞாயிறுகளிலும் அப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் புல்லாங்குழல் வாசித்தார். மெல்லிசைக் குழுவில் குழல் வாசிப்பவருக்கு வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். டிரம்ஸ் வாசிப்பவர் பாட்டு முழுக்க வியர்த்துக்கொண்டிருப்பார். கீபோர்டுக்காரருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. அப்பாவோ பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஒரு சிறிய துண்டை வாசித்துவிட்டு, குழலை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேடையில் இருந்தபடியே எங்களைத் தேடக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இந்த வாத்தியத்தை அவர் எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்று அப்போது கேட்டிருந்தால், இதற்காகத்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

தீபாவளி காலண்டரில் ஒரு நாள். இங்கே சமூக மன்றங்களில் அது ஒரு மாதம். ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனியாக விருந்து வைத்து, தனித்தனியாகக் குத்துவிளக்கு ஏற்றி, தனித்தனியாக ஒரு சிறப்பு விருந்தினரை அழைக்கும். எல்லா இடத்துக்கும் இசைக்குழு வேண்டும். அந்த நவம்பரில் ஆண்டிறுதி விடுமுறை தொடங்கிய முதல் வாரம் அப்பாவின் குழுவுக்கு ஏறக்குறைய தினம் ஒரு மேடை. வாரம் தொடங்குவதற்கு முன்பே அப்பா பெரியம்மா வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார். அம்மா சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து அழைப்பார் போலிருக்கிறது. எப்போதும் நான்தான் எடுப்பேன்.

“பாப்பா, கவனமாக் கேளு. முதல்ல பொங்கோல் கம்யூனிட்டி கிளப். ஏழு மணின்னு போட்டிருப்பாங்க, ஆனா விருந்தினர் வந்து பேசி முடிக்க எட்டாயிடும். அவசரப்பட வேண்டாம். ஹால் மாடியில இருக்கு, லிப்ட் பின்பக்கம். படி ஏறாதீங்க. ஸ்பீக்கருக்கு நேரா உக்காந்தா தலைவலி வரும், கதவுப் பக்கமா உக்காரணும். ஏர்கான் ரொம்பக் குளிரும், சால்வை எடுத்துக்கணும். என்ன, சொல்லு பாப்பா.”

நான் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வேன். அதுவும் சமையலறை வரை கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். தொலைபேசி சரியாகக் கேட்கவில்லை என்பார் அப்பா. இப்படி ஒவ்வொரு மேடைக்கும் ஒரு வழிகாட்டி. கடலோரத்து இலவச மேடைக்கு வந்தால் மேல் படிக்கட்டில் காற்று வரும், அங்கே உட்காரலாம், கீழே புழுக்கம். லிட்டில் இந்தியாவின் தேக்கா திடலில் நாற்காலி போடுவார்கள், ஆனால் கழிவறை தூரம், முன்னாலேயே போய்விட்டு வரவேண்டும். எனக்கு வாழ்க்கையில் அதுவரை தலைவலி வந்ததில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவேன். குளிரென்றால் கொண்டாட்டம். அப்பா எதற்கு இவ்வளவு கவலைப்படுகிறார் என்று நினைத்தேனே தவிர, யாருக்காக என்று கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா சமையலறையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் கிளம்பும்போது பையில் சால்வை இருக்கும்.

இப்போது நானும் மேடையில்தான் இருக்கிறேன், வயலினோடு. விடுமுறை வாரத்தில் எங்கெங்கே நேரடி இசை கேட்கலாம் என்று சொல்லச் சொல்லி, போன மாதம் ஓர் இணைய வானொலியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். “லோக்கல் மியூசிஷியன் ஒருத்தரோட கைடு மாதிரி இருக்கணும்கா, பத்து நிமிஷம் போதும்.” நான் சொல்லிக்கொண்டே போனேன். எங்கே சீக்கிரம் போக வேண்டும், எங்கே தாமதமாகப் போனாலும் ஒன்றும் குடிமுழுகாது, எந்த அரங்கில் சால்வை வேண்டும் என்று. “அவ்ளோ குளிருமா அக்கா?” என்றாள் அவள். எனக்குக் குளிராது என்றேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் பொங்கோல் நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது பெரியம்மா வாசலில் நின்று அம்மாவிடம் மெதுவான குரலில் கேட்டார். மெதுவான குரல் என்பதால் நான் கவனமாகக் கேட்டேன். “விட்டுட்டு வந்தாச்சு. அப்புறம் எதுக்குடி பின்னாடியே போறே?” அம்மா, “பிள்ளை கேக்குறா” என்றார். நான் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டிருந்தார். ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன்: அம்மா எதையோ பூன் லே வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார், அதை அப்பாவிடம் கேட்டு வாங்கத்தான் போகிறார். “எதை விட்டுட்டு வந்தோம்?” என்று மின்தூக்கியில் கேட்டேன். அம்மா பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார்.

பொங்கோலில் கதவுப் பக்கமாக உட்கார்ந்தோம். அப்பா சொன்னபடியே எல்லாம் நடந்தது. விருந்தினர் தாமதமாக வந்தார், குளிர்ந்தது, அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டார். இடைவேளையில் அப்பா கீழே இறங்கி வந்து, எங்கள் வரிசைக்கு முன் வரிசையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அம்மா கையெட்டும் தூரத்தில் இருந்தார்.

“அம்மா சாப்டாங்களா?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

நான் திரும்பி, “சாப்டீங்களா?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“ஆச்சுன்னு சொல்லு.”

“ஆச்சாம்.”

“அம்மாவுக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுதாம்?”

“நல்லாப் போகுதாம்” என்று நானே சொல்லிவிட்டேன். இந்த விளையாட்டு எனக்குப் பழகிவிட்டிருந்தது. நடுவில் கொஞ்சம் வேகத்தைக் கூட்டலாம் என்று பட்டது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டார். அந்த இடைவேளை இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குப் பிரியாணி வரிசை எவ்வளவு நீளம் என்பதுதான் கவலை.

கடலோர மேடையில் அம்மா மேல் படிக்கட்டில், காற்று வரும் இடத்தில், உட்கார்ந்தார். கட்டணம் இல்லாத நிகழ்ச்சி என்பதால் யார் யாரோ வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சீனத் தாத்தா எல்லாப் பாட்டுக்கும் தாளம் போட்டார், எதுவும் தாளத்தில் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்த நான் எதற்கோ திரும்பியபோதுதான் அதைக் கவனித்தேன். கீழே அப்பா குழலை உதட்டுக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும், இங்கே அம்மாவின் தோள் மெல்ல உயர்ந்தது. அம்மா மூச்சை இழுத்துக்கொண்டார். அப்பா வாசித்து முடித்துக் குழலை இறக்கும்போதுதான் விட்டார். நானும் செய்துபார்த்தேன். பாதியிலேயே மூச்சு முட்டி இருமல் வந்துவிட்டது. “என்ன பண்றே?” என்று அம்மா முதுகில் தட்டினார். “நீங்க பண்றதைத்தான்” என்றேன். அதன் பிறகு அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், தோள் தெரியவில்லை.

வாரத்தின் நடுவில் பூன் லே நிகழ்ச்சி இருந்தது. எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த சமூக மன்றம். அதற்கு மட்டும் அப்பா வழிகாட்டி எதுவும் சொல்லவில்லை. நானாகக் கேட்டதற்கு, “அது சுமாராத்தான் இருக்கும் பாப்பா. நம்ம ஆளுங்களே சொதப்புவாங்க. வர வேண்டாம்” என்றார். ஓர் இசைக்கலைஞர் தன் குழுவைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசுவதில் எனக்கு மதிப்புக் கூடியது. ஆனால் அங்கே என் பழைய தோழிகள் இருந்தார்கள், மக்சிக் என்று நான் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய் அத்தை இருந்தார், எனக்கு எப்போதும் வாழைப்பழப் பலகாரம் கொடுப்பவர். போயே ஆக வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா அன்று சாயங்காலம் எந்த வேலையும் இல்லாமல் சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டிருந்தார். “எல்லாரும் கேப்பாங்க” என்றார் கடைசியில். “என்ன கேப்பாங்க?” என்றேன். நலமா என்று கேட்பார்கள், எவ்வளவு உயரமாகிவிட்டாய் என்று கேட்பார்கள். அதிலென்ன? ஆனாலும் நாங்கள் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தேக்கா திடல். இதுதான் அந்த வாரத்தின் கடைசி மேடை. அம்மா அன்றைக்குக் கறுப்பில் மஞ்சள் பூப்போட்ட சுடிதார் போட்டுக்கொண்டார். பெரியம்மா மேலும் கீழும் பார்த்தார்.

திடலில் நாற்காலிகள் நிரம்பி, புல்தரையும் நிரம்பியிருந்தது. வாரத்தில் தங்களுக்குக் கிடைக்கும் ஒரு நாளில் தேக்காவுக்கு வந்திருந்த வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியை நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தார். நடுநடுவே அதைக் காதுக்குக் கொண்டுவந்து, “கேக்குதா? இப்பக் கேக்குதா?” என்பார். மறுபடியும் தூக்கிப் பிடிப்பார். ஊரில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மா மேடையைவிட அவரைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

மூன்று நான்கு பாட்டுகளுக்குப் பிறகு மேடையில் ஒரு சலசலப்பு. அடுத்துப் பாட வேண்டிய பாடகி வந்து சேரவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் மாமா குச்சிகளோடு எங்களிடம் ஓடிவந்தார்.

“அக்கா, நீங்க ஒண்ணு பாடுங்களேன். அந்தப் பொண்ணு இன்னும் வரலை லா. போனும் எடுக்க மாட்டேங்குது.”

“இல்ல தம்பி. தொண்டையெல்லாம் போச்சு.”

“உங்க பாட்டு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு.”

அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மாமா போன பிறகு, “நீங்க பாடுவீங்களா?” என்று கேட்டேன். என்னைத் தூங்கவைக்கும்போதுகூட அம்மா வாய்திறந்து பாடி நான் கேட்டதில்லை. “எப்பவோ” என்றார் அம்மா. “நீ பொறக்கறதுக்கு முன்னாடி.” இந்தக் குழுவில்தான் அவர் பாடினார், இங்கேதான் அப்பாவைச் சந்தித்தார் என்பதெல்லாம் பின்னாளில் பெரியம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. நான் பிறந்ததும் மாலை நேரங்களில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அது அம்மாவாக இருந்தது. பிறகு ஒவ்வொரு பண்டிகையிலும் அம்மாவாகவே இருந்தது. எனக்கு டெங்கி வந்து மருத்துவமனையில் கிடந்த இரவுகளில் அப்பா மலாக்காவில் ஒரு கல்யாணத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் அம்மாதான் இருந்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையாம்.

டிரம்ஸ் மாமா மேடையேறி அப்பாவின் காதில் எதையோ சொன்னார். அப்பா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வாசிக்க ஆரம்பித்தார். சினிமாப் பாட்டு இல்லை. குழுவினரே எப்போதோ சேர்ந்து போட்ட மெட்டு. குழல் மட்டும். பாடகர் இல்லாமல், தாளம் இல்லாமல். அப்பா இவ்வளவு நேரம் தொடர்ந்து வாசித்து நான் பார்த்ததே இல்லை. இத்தனை காலமும் துண்டு துண்டாகத்தான் கேட்டிருந்தேன். அம்மா எழுந்தார். பின்வரிசையிலிருந்து நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து முன்னால் போனார். நானும் பின்னால் ஓடினேன். ஸ்பீக்கருக்கு நேராக நின்றார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் வரவில்லை. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் கைகூப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் மழை பிடித்தது. நவம்பர் மழை, முன்னறிவிப்பில்லாமல் மொத்தமாகக் கொட்டும். கூட்டம் நாற்காலிகளைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு ஓடியது. தொலைபேசி அண்ணன் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். மேடைக்குக் கூரை இருந்தது, எங்களுக்கு இல்லை. அம்மா நகரவில்லை. அப்பா நிறுத்தவில்லை. ஒலிப்பொறுப்பாளர் வந்து மின்சாரத்தை நிறுத்தும் வரை, நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம், மழைச் சத்தத்துக்குள் குழல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அப்பா கீபோர்டு மூடும் பிளாஸ்டிக் விரிப்பை உருவிக்கொண்டு வந்து எங்கள் தலைக்கு மேல் பிடித்தார்.

“பிள்ளை நனையுதுல்ல” என்றார். அந்த வாரத்தில் அவர் அம்மாவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

ஒரு தேநீர்க் கடையின் முன்னால், கூரையிட்ட ஐந்தடி நடைபாதையில் மேசை கிடைத்தது. “ஒரு தே, ஒரு தே சீனி கம்மி, பாப்பாவுக்கு மைலோ” என்று அப்பா யாரையும் கேட்காமல் சொன்னார். சீனி கம்மி அம்மாவுக்கு. கொஞ்ச நேரம் எல்லாரும் ஆவியை ஊதிக்கொண்டிருந்தோம்.

“ரெண்டாவது சரணத்துல முன்னெல்லாம் நடுவுல மூச்சு எடுக்க மாட்டீங்க” என்றார் அம்மா.

“இப்ப எடுக்காம முடியல.”

“டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?”

“காட்டணும்.”

“காட்டணும்னா எப்ப?”

அப்பா சிரித்தார். “நீ கேட்டுட்டேல்ல. போறேன்.”

இவ்வளவுதான் பேசினார்கள். இதைவிடச் சுவாரசியமில்லாத பேச்சை நான் கேட்டதில்லை. அப்பா மழையில் வாசித்ததைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்கள், அம்மா விட்டுவிட்டு வந்த பொருளைக் கேட்பார் என்று காத்திருந்து ஏமாந்து, மைலோவின் அடியில் இருந்த கட்டிகளைக் கரண்டியால் தின்றேன்.

அப்பா மருத்துவரிடம் போனார். நுரையீரலில் பெரிதாக ஒன்றுமில்லை, தொழிற்சாலைத் தூசு என்றார்கள். ஆனாலும் சில ஆண்டுகளில் வாசிப்பதை விட்டுவிட்டார். அவர்கள் மறுபடியும் ஒன்றுசேரவில்லை. அடுத்த விடுமுறைக்குள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வருட நிகழ்ச்சிகளுக்குப் பெரியப்பாதான் என்னை அழைத்துப்போனார். தொலைபேசியில் வழிகாட்டி சுருங்கிவிட்டது. இடம், நேரம், அவ்வளவுதான். அதன் பிறகு அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நான் பார்த்தது என் கல்யாணத்தில், புகைப்படக்காரர் நெருங்கி நிற்கச் சொன்னபோது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் மூவரும் சேர்ந்துதான் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு இறங்கினோம். அங்கே ஒரே நடைமேடை. ஒரு பக்கம் பொங்கோல் போகும் ரயில், எதிர்ப்பக்கம் நகரத்துக்குப் போகும் ரயில். எங்களுக்கு இந்தப் பக்கம், அப்பாவுக்கு அந்தப் பக்கம். எங்கள் ரயில் வந்தது. கதவு திறந்தது. உள்ளே வரிசையாகக் காலி இருக்கைகள். அம்மா அப்போது பார்த்து என் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். கதவு மூடிக்கொண்டது. அப்பாவின் ரயில் வந்தது. அப்பா பெஞ்சில் பையைப் பிரித்து, குழல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு என் காலணி நாடா அவிழ்ந்திருந்தது. அதற்கடுத்த ரயிலுக்கு அம்மா குழல்களை உறையில் போடுவதற்கு உதவிக்கொண்டிருந்தார். எது எந்த உறை என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பக்கமும் ரயில்கள் வந்து, திறந்து, மூடி, போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் கடைத்தெருக் கூட்டம் முழுவதும் பைகளோடும் சொட்டும் குடைகளோடும் இறங்கி வந்து நடைமேடையை நிறைத்தது. “பிள்ளை ஈரத்தோட நிக்கிறா. இதுல போங்க” என்றார் அப்பா. நிற்கவே இடமில்லாத அந்த ரயிலில் அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு ஏறினார். என் முகம் யாருடைய காய்கறிப் பையிலோ அழுந்தியிருந்தது. அப்பா கையசைத்தாரா என்று தெரியவில்லை. அம்மா கதவோரம் நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் சுரங்கத்துக்குள் போய், கண்ணாடியில் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியாதபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கால் வலித்தது. கோபமாக வந்தது.

“மொதல்ல வந்த ட்ரெயின்லயே ஏறியிருந்தா உக்காந்துட்டுப் போயிருக்கலாம்ல?” என்றேன்.

“ஆமா” என்றார் அம்மா, திரும்பாமல். “ஏறியிருக்கலாம்.”

தப்பை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நியாயம் என் பக்கம் இருந்ததால், செங்காங் வரும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை.